லேசா வலது பக்கம் திரும்பு

என் மூக்கு கோணல் என்பது எனக்கு முப்பது வயது தாண்டிய பிறகுதான் தெரிந்தது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. தினமும் கண்ணாடி பார்க்கிறவள்தானே, பொட்டு வைக்கும்போதெல்லாம் அது அங்கேதானே இருந்தது என்கிறார்கள். இருந்தது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம் வேறு, எதிரில் இருப்பவர்கள் பார்க்கிற முகம் வேறு என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

சிறுசேரியில் என் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்பு எடுத்தேன். அதைப் பதிவு செய்துவைத்து அடுத்து வருகிறவர்களுக்கும் போட்டுக்காட்டுவார்கள். மறுநாள் மேனேஜர் அந்த வீடியோவை அனுப்பி, ஒரு தடவை பார்த்துவிட்டு ஓகே சொல் என்றார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பார்க்க உட்கார்ந்தேன்.

திரையில் என் குரலில் யாரோ ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள். என் சுடிதார், என் தோடு, என் பின்னால் இருந்த அதே அலமாரி. மூக்கு மட்டும் என்னுடையது இல்லை. புருவத்துக்கு நடுவில் ஒழுங்காகப் புறப்பட்டு, பாதி வழியில் மனசு மாறினதுபோல் ஒரு பக்கமாக ஒதுங்கிப் போயிருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடியோவை நிறுத்தினேன், பின்னால் தள்ளினேன், மறுபடி ஓட விட்டேன். ஒவ்வொரு தடவையும் அது அங்கேயேதான் நின்றது. வகுப்பு நடக்கும்போது திரை ஓரத்தில் என்னை நானே பார்த்துக்கொண்டுதான் பேசினேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நமக்குக் காட்டும்போது கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாற்றித்தான் காட்டும், பதிவில் உள்ளபடி வரும் என்பதை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். அதாவது நான் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய முகம் உலகத்தில் வேறு யாருமே பார்க்காத முகம்.

பக்கத்து இருக்கைக்காரி மதுராந்தகத்துப் பெண். மேனேஜரிடம் இங்கிலீஷ், டிபன் பாக்ஸைத் திறந்தால் ஊர்ப் பேச்சு. அவளிடம் கேட்டேன்.

"ஏய், என் மூக்கு கோணலா?"

"ஆமா. இன்னா திடீர்னு?"

"திடீர்னா? உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீ சேந்த அன்னிக்கே பாத்தேன். ஏன்டி, ஒனக்குத் தெரியாதா?" வாயில் வைக்கப்போன எலுமிச்சை சாதம் அப்படியே நின்றது. "தெனமும் மூஞ்ச பாத்துகினு தானே வர்ற?"

"தெரியாது."

"சர்தான் வுடு. நல்லாத்தான் கீது. மூக்குன்னா மூச்சு வுட்டா போதாதா?"

வேறு யாரிடமும் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் என் புத்திக்கு அது எங்கே தெரியும்? அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இன்னும் சிலரிடம் கேட்டுவிட்டேன். ஒருவர்கூட "அப்படியா, நான் கவனிக்கலையே" என்று சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாரும் எனக்கும் தெரியும் என்று நினைத்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸில் கூடுவாஞ்சேரிக்குத் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தேன். முதுகில் கிழிசலோடு ஒரு சட்டையை இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன், ஒருத்தரும் சொல்லவில்லை என்பது போல இருந்தது.

வீட்டில் நான், அம்மா, அப்பா. அப்பா கல்பாக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் லேத்தில் இரும்பு கடைகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கே டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில். ஓய்வுக்குப் பிறகுதான் கூடுவாஞ்சேரியில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். காலண்டர் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்ச் சரி செய்வார். மற்றவர்கள் வீட்டுக் காலண்டரையும் சரி செய்வார், அதுதான் தொல்லை. அப்படிப்பட்டவரின் மூக்குக் கண்ணாடி மட்டும் எப்போதும் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவையாவது செங்கல்பட்டு கண்ணாடிக் கடைக்குப் போய் ஃபிரேம் கோணலாகிவிட்டது என்று சண்டை போடுவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் ஃபிரேமைச் சூடு காட்டி வளைத்து, அவர் முகத்தில் மாட்டி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, "இப்ப சரியாப் பூச்சு சார்" என்றார். சரியாகவில்லை, அப்படியேதான் இருந்தது. நான் கேலி செய்தேன், அப்பா என்னை முறைத்தார். அதோடு மறந்துபோனேன்.

வீடியோ பார்த்த மறுநாள் அப்பாவின் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கண்ணாடி முன் நின்றேன். நெற்றி நடுவிலிருந்து தாடை நடுவுக்கு ஸ்கேலை வைத்தேன். மூக்கு நுனி ஸ்கேலை விட்டு வெளியே எட்டிப் பார்த்தது. திரும்பினால் வாசலில் அப்பா நிற்கிறார். அவருடைய ஸ்கேலைத் தொட்டாலே, எடுத்த இடத்தில் வை என்று அதட்டுகிறவர். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தார், அப்படியே உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் எனக்கு மூக்கைத் தவிர வேறு யோசனை இல்லை. பஸ்ஸில் எதிரில் இருப்பவர் மூக்கு, காய்கறிக்காரர் மூக்கு, டிவியில் செய்தி வாசிக்கிறவர் மூக்கு. எல்லாம் நேராகத்தான் இருக்கிறது, எனக்கு மட்டும் ஏன் என்று பொருமல். போனில் ஒரு தடவைதான் மூக்கு ஆபரேஷன் என்று தேடினேன். அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் ஆபரேஷனுக்கு முன்னால், பின்னால் என்று இரண்டு படம். எந்தப் படத்திலும் முன்னால் இருந்தவள் அழுகிற மாதிரி இருப்பாள், பின்னால் இருந்தவள் சிரிப்பாள். இது ஏமாற்று என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். மூக்கை ஆபரேஷன் பண்ணி நேராக்கிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன் என்றேன். பெரிய சண்டை வரும் என்று வரிந்துகட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அம்மா எதிர்பார்த்தபடியே, "இருக்கிற மூக்க அறுக்கவா உன்னப் பெத்தேன்? அதெல்லாம் வேணாம்" என்றாள். அப்பா மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பண்ணிக்கட்டும். நல்ல டாக்டரா நான் விசாரிக்கிறேன்."

அம்மா வாயைப் பிளந்தாள். நானும்தான். காது குத்தின இடத்துக்கு மேலே இரண்டாவதாக ஒரு துளை போட்டதற்கே வாரக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்த மனுஷர். தலைமுடியைக் குட்டையாக வெட்டியதற்கு அம்மாவைக் கூப்பிட்டு விசாரணை நடத்தியவர். அவர் மூக்கை வெட்டச் சம்மதிக்கிறார், அதுவும் நான் கெஞ்சாமலே.

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பெற்ற அப்பாவே சரி என்கிறார் என்றால் அவ்வளவு மோசமாகவா இருக்கிறது என் முகம்? ஊரார் சொன்னது இவ்வளவு வலிக்கவில்லை. இது வலித்தது. ஒரு பேச்சுக்காவது, உனக்கென்னம்மா குறைச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. அடுத்த வாரமே கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனிடம் எனக்காக நேரம் வாங்கிவிட்டு வந்து நின்றார். நான் அவசரப்பட்டதைவிட அவர் அவசரப்பட்டார்.

கிளினிக்கிலிருந்து போன் செய்த பெண், சின்ன வயதுப் படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள், முகம் நேராகத் தெரிகிற மாதிரி இருந்தால் நல்லது என்றாள். பீரோவிலிருந்து ஆல்பங்களை இறக்கினேன். எங்கள் வீட்டில் போட்டோ எடுக்கிறவர் அப்பா ஒருவர்தான். அதனால் எந்தப் படத்திலும் அவர் இருக்க மாட்டார், எல்லாப் படத்திலும் நான் இருப்பேன். மகாபலிபுரம் கடற்கரையில் நான், டவுன்ஷிப் பூங்காவில் நான், பள்ளி ஆண்டு விழாவில் கிரீடத்தோடு நான். ஒரு படத்தில்கூட நான் நேராகப் பார்க்கவில்லை.

மொட்டை போட்ட குழந்தையாக இருக்கிற ஆரம்பப் படங்களில் கண்டபடி பார்க்கிறேன், சரி. நடக்க, பேச ஆரம்பித்த வயதிலிருந்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. எனக்கு அப்பாவின் குரல் காதில் கேட்டது. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ஒரு கையை ஆட்டி, அவர் எப்போதும் சொல்கிற அந்த ஒரு வாக்கியம். "லேசா வலது பக்கம் திரும்பு." பிறந்த நாளா, லேசா வலது பக்கம் திரும்பு. தீபாவளியா, லேசா வலது பக்கம் திரும்பு. அவருக்குத் தெரிந்த போஸ் அது ஒன்றுதான் என்று நானும் அம்மாவும் சிரித்திருக்கிறோம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படம் எடுக்கப் போனபோது செங்கல்பட்டு ஸ்டூடியோக்காரரிடம்கூட, லேசாகத் திருப்பி எடுக்கக் கூடாதா என்று கேட்டு, அவர் "கவர்மெண்ட்டுக்கு நேராத்தான் சார் எடுக்கணும்" என்று சலித்துக்கொண்டது ஞாபகம் வந்தது. அந்த ஸ்டாம்ப் சைஸ் படத்தில் மூக்கை யார் உற்றுப் பார்த்தார்கள்?

ஆக, இவருக்கு எப்போதோ தெரியும். எனக்குத் தெரியாததற்குக் காரணமே இவர்தான். என் முகத்தை என்னிடமிருந்தே மறைத்திருக்கிறார், இத்தனை வருஷமும், சிரிக்கச் சொல்லிச் சொல்லி. ஆல்பத்தைத் தூக்கி எறியலாம் போல ஆத்திரம் வந்தது. எறியவில்லை, பையில் வைத்தேன். டாக்டர் முன்னால் வைத்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று வைத்தேன். என் குணம் அப்படி.

கிளினிக்குக்கு அப்பாதான் கார் ஓட்டினார். வண்டலூரில் திரும்பி, கேளம்பாக்கம் தாண்டி, கோவளம் போய்ச் சேரும்வரை நான் ஆல்பப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அப்பா மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கி விட்டுக்கொண்டார்.

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்மணி, நிதானமாகப் பேசினார். என் மூக்கைத் தொட்டுப் பார்த்தார், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார், மூச்சு விடச் சிரமம் உண்டா என்றார். இல்லை என்றேன். சுவரோரம் நிற்க வைத்துக் கேமராவில் படம் எடுத்தார். பெரிய திரையில் என் முகம் வந்தது. நடுவில் ஒரு கோடு போட்டார். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்ததுதான், ஆனால் அவ்வளவு பெரிதாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்கு இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, இடது கன்னமும் வலது கன்னத்தைவிடக் கொஞ்சம் சின்னது என்றார். அப்புறம் கம்ப்யூட்டரில் மூக்கை நேராக்கிக் காட்டினார். அதைப் பார்த்து இன்னொரு அதிர்ச்சி. நல்ல மூக்குதான். அந்த மூக்குக்குச் சொந்தக்காரியை எனக்கு யாரென்று தெரியவில்லை. அம்மா கதவைத் திறந்தால் யார் வேண்டும் என்று கேட்பாள் என்று தோன்றியது.

"இது பண்ண முடியும்," என்றார் டாக்டர். "அவசியமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். சின்ன வயசுல எப்பவாவது மூக்குல அடிபட்டிருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல," என்றேன். ஆல்பத்தை எடுத்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னேன். "எங்க அப்பாவைத்தான் கேக்கணும். அவருக்குத்தான் எல்லாம் முன்னாடியே தெரியும்."

அப்பா எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மேலதிகாரி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டார்.

"அடியெல்லாம் படல டாக்டர்," என்றார். "நான்தான் வளைச்சுட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்பா சொன்னதை அவர் சொன்னபடியே சொல்கிறேன். நான் பிறந்ததும் அம்மாவுக்கு விஷக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டாள். அம்மாவைப் பெற்றவள் முன்பே தவறிப்போயிருந்தாள். அப்பாவின் சொந்தக்காரர்கள் கோவில்பட்டிப் பக்கம். வந்து தங்கிப் பார்த்துக்கொள்ள அந்த நேரம் ஒருத்தருக்கும் தோதுப்படவில்லை. புதுப்பட்டினத்திலிருந்து ஒரு அம்மாள் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்குக் குழந்தை குளிப்பாட்ட வருவாராம். கொஞ்ச நாள் வந்தார். அப்புறம் தன் மகளுக்குப் பிரசவம் என்று கிளம்பிவிட்டார். கிளம்பும்போது அப்பாவை உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாராம். தரையில் பலகை போட்டு, காலை நீட்டி, முழங்காலுக்குக் கீழே குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, எண்ணெய் தேய்த்து, பயத்தம்மாவு போட்டு.

"அந்தம்மா சொல்லுச்சு டாக்டர். 'நைனா, தெனிக்கும் மூக்க நீவி வுடு, இல்லாங்காட்டி சப்பையாப் பூடும். பொட்டப்புள்ள, நாளைக்கு உன்னியத்தான் திட்டும்'னு. நானும் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும், பக்கத்து வீட்டுல விட்டிருந்த பாப்பாவை வாங்கிட்டு வந்து குளிப்பாட்டி, தினமும் நீவி விட்டேன். ஒரு நாள்கூட விடல." அவர் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினார். "நான் வலது கைக்காரன். பாப்பா எனக்கு எதிர்ல படுத்திருக்கா. என் கை என் வலது பக்கமா இழுத்தா மூக்கு அவளோட இடது பக்கம்தான் போகும். அங்கதான் போயிருக்கு. லேத்துல டூல் துளி விலகிச்சுன்னா வர்ற பீஸெல்லாம் அப்படித்தான் வரும். எனக்குத் தெரியும் டாக்டர். இவளுக்கு மூணு நாலு வயசு இருக்கும்போது ஒரு போட்டோவைக் கழுவி வாங்கிட்டு வந்து பார்த்தேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இவ அம்மாகிட்டகூடச் சொல்லல. ஆம்பளை உனக்கு எதுக்கு இந்த வேலைன்னு அப்பவே நாலு பேர் கேட்டாங்க. சரியாத்தான் கேட்டிருக்காங்க." அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையில் கோடு போட்ட என் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதைச் சரி பண்ணிடுங்க டாக்டர். என் கையால ஆனது."

என் முகம் பிடிக்காமல்தான் வெட்டச் சொல்கிறார் என்று இத்தனை நாளாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவருக்குப் பிடிக்காமல் போனது தன் வலது கை. அம்மா இல்லாத வீட்டில், குளியலறைத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, என்னைக் கீழே போட்டுவிடாமல் ஒரு லேத் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஆத்திரம் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

டாக்டர் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சார், கண்ணாடியக் கழட்டிட்டு அந்தச் சுவர்கிட்ட போய் நில்லுங்க" என்றார்.

"நானா?"

"நீங்கதான். நேரா பாருங்க."

அப்பா போய் நின்றார். டாக்டர் படம் எடுத்தார். திரையில் என் முகத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் முகம் வந்தது. அதிலும் நடுவில் கோடு போட்டார்.

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு முகத்திலும் ஒரே மாதிரி, புருவத்துக்கு நடுவில் நேராகப் புறப்பட்டு, ஒரே இடத்தில், ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தது மூக்கு. அப்பாவுடையது இன்னும் கொஞ்சம் அதிகம். அவருடைய மூக்குக் கண்ணாடி ஏன் எந்நாளும் இறங்கியே இருந்தது என்பது எனக்கு அந்த நிமிஷம் புரிந்தது. ஃபிரேம் என்ன பாவம் செய்தது?

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனார். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இது யாரு?" என்றார்.

"நீங்கதான் சார்," என்றார் டாக்டர். "எண்ணெய் போட்டு நீவறதால மூக்கு இப்படி ஒரு பக்கமா வளையாது. எதனால வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல நான் தயாரில்ல, பல காரணம் இருக்கலாம். ஆனா இந்த ரெண்டு படத்தையும் பார்த்தா நான் உங்க கையைச் சந்தேகப்பட மாட்டேன்."

அவர் வாழ்நாள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னால் நின்றவர். அடையாள அட்டைப் படத்தை விட்டால், தன் முகத்தைச் சவரம் செய்கிற கண்ணாடியில் மட்டும் பார்த்தவர். என் வீடியோவைப் பார்த்து நான் எப்படித் திகைத்துப்போனேனோ அதேபோல அவர் திகைத்துப்போய் நின்றார். ஆனால் எனக்காவது முப்பதுகளில் தெரிந்தது.

தேதி பிறகு சொல்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். கோவளத்திலிருந்து கூடுவாஞ்சேரிக்குப் போக வேண்டிய காரை அப்பா தெற்கே விட்டார். நானும் ஏன் என்று கேட்கவில்லை. குவார்ட்டர்ஸுக்குப் போகிற பழைய பழக்கம், கை தானாகத் திரும்பியிருக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தினார். டீ வாங்கிக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்தோம். காற்றில் மணல் வந்து கார்க் கண்ணாடியில் அடித்தது.

ரொம்ப நேரம் கழித்து அப்பா கேட்டார். "அப்போ... ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணுமா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இன்னா கத இது? காலைல வரைக்கும் நீங்கதானே அவசரப்பட்டீங்க? உங்க கை செஞ்ச தப்புன்னா திருத்தணும், உங்க மூக்குன்னா அப்படியே இருக்கணுமா?"

அவர் டீ கிளாஸைப் பார்த்தார். மழுப்புவார் என்று நினைத்தேன்.

"ஆமாம்மா," என்றார். "அப்படித்தான் தோணுது. தப்புதான். நீ உன் இஷ்டப்படி செய்."

இவ்வளவு நேர்மையாக ஒருவர் சொன்னால் அவரோடு எப்படிச் சண்டை போடுவது? மீதி டீயைக் குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன். அப்பா செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். குளிப்பாட்டின கதைவரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள் என்று சொன்னபோது கீரையைக் கீழே வைத்தாள்.

"இதுக்கா டாக்டர்கிட்ட போனீங்க? இவர் மூக்கு கோணல்னு எனக்கு மாலை மாத்தும்போதே தெரியுமே."

அப்பா நிமிர்ந்தார். "உனக்குத் தெரியுமா?"

"எதிர்ல நிக்கிற எனக்குத் தெரியாம? இவளுக்கும் அப்படியே வந்துச்சு. உங்கள மாதிரின்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கும்ல." அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். குரல் கொஞ்சம் இறங்கியது. "போட்டோ எடுக்கும்போதெல்லாம் இவ மூஞ்சியத் திருப்பித் திருப்பி எடுப்பீங்களே. பாவம், தன் மூக்கு பிள்ளைக்கு வந்துடுச்சேன்னு மனுஷன் வெக்கப்படறார்னு நினைச்சேன். அதை வேற சொல்லிக் காட்டணுமான்னுதான் விட்டுட்டேன்."

அப்பா அப்போதுதான் குனிந்து செருப்பைக் கழற்றினார். ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில், ஒருவர் தப்பு செய்துவிட்டதாக மறைத்திருக்கிறார், இன்னொருவர் அவர் மனசு நோகுமே என்று மறைத்திருக்கிறார். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, உங்க மூக்கு கோணல் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சண்டை என்று வந்தால் என்னவெல்லாமோ சொல்லிக்கொள்கிற ஜோடி. இதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்தது. வேண்டாம் என்று சொன்னேன். அந்தப் பெண் காரணம் கேட்டாள், குடும்ப விஷயம் என்றேன். என் மூக்கு எனக்குப் பிடித்துப்போய்விட்டது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். இன்னும் வீடியோ அழைப்பில் கேமராவை அணைத்துத்தான் வைக்கிறேன். ஆனால் அதைத் திருத்தப் போனால், அந்தத் திரையில் அப்பாவின் முகம் தனியாக நிற்கும். இத்தனை வருஷம் தனியாக நின்றது போதாதா?

போன மாதம் மூவரும் மகாபலிபுரம் போனோம். கடற்கரையில் வழக்கம்போல அப்பா போனை எடுத்துக்கொண்டு எங்களைப் போய் நிற்கச் சொன்னார். அம்மா அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னிக்கு நான் எடுக்கிறேன். நீங்க போய் அவ பக்கத்துல நில்லுங்க."

அப்பா வந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அம்மா போனை உயர்த்தியதும், யாரும் சொல்லாமலே, மெதுவாக முகத்தை வலது பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பினேன். "நேரா பாருங்கப்பா," என்றேன்.

பார்த்தார்.